கழியொலிப் படத்தின் துல்லியம்: சிசு மூளை பற்றிய கண்டறிதலின் சமூக வரலாறு

கருவிலுள்ள சிசுவின் மூளைக் குறைபாடுகளைக் கழியொலிப் படம் எவ்வளவு துல்லியமாகக் காட்டுகின்றது என்ற வினாவுக்கு, மருத்துவ ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இரு விடைகளைத் தருகின்றன. 14 ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 61 நிலையங்களில் 1990 முதல் 1993 வரை நடத்தப்பட்டு 1999 இல் வெளிவந்த ‘யூரோஃபீட்டஸ்’ ஆய்வின்படி, மைய நரம்புத் தொகுதியின் குறைபாடுகளுள் நூற்றுக்கு 88 கழியொலியினாற் கண்டறியப்பட்டன. பிரித்தானியாவின் 16 நிலையங்களில் நடத்தப்பட்டு 2017 இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் அச்சேறிய ‘மெரிடியன்’ ஆய்வின்படியோ, சிசு மூளை பற்றிக் கழியொலி கூறிய முடிவுகளுள் நூற்றுக்கு 68 மாத்திரமே சரியானவை. இடைப்பட்ட கால் நூற்றாண்டிற் கருவிகள் பன்மடங்கு முன்னேறியிருந்தன. அவ்வாறாயின் துல்லியம் குறைந்தது எங்ஙனம்?

உண்மையில் அது குறையவில்லை. இரு எண்களும் இரு வேறு வினாக்களுக்கான விடைகள். ஒன்று, குறைபாடுள்ள சிசுக்களுள் எத்தனை பேரிடம் ஏதோ பிழையுண்டு என்று காணப்பட்டது என வினவியது. மற்றையது, ஏதோ பிழையுண்டு என ஏற்கெனவே ஐயுறப்பட்ட சிசுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்பிழையின் பெயர் சரியாகச் சொல்லப்பட்டதா என வினவியது. துல்லியம் என்பது கருவியினுள்ளே பொதிந்துகிடக்கும் ஒரு குணம் போலப் பேசப்படுவதே வழக்கம். யார் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், கர்ப்பத்தின் எந்த வாரத்திற் பார்த்தார், பின்னர் எதனோடு ஒப்பிட்டுச் சரிபிழை தீர்மானிக்கப்பட்டது என்பவற்றையெல்லாம் பிரித்துவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை என்பதை அதன் வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இவ்விடயத்திற் புகுவதற்கு விளக்கம் தேவைப்படலாம். சிதைந்த ஏடுகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்த மரபு நம்முடையது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய காலத்திலிருந்து இன்றுவரை, ஏட்டில் எழுதியிருப்பது எது, வாசிப்பவன் எதிர்பார்த்தமையாற் கண்டது எது என்ற ஐயம் பதிப்பாசிரியரை விட்டு நீங்கியதில்லை. கழியொலிப் படமும் வாசிக்கப்பட வேண்டிய ஒரு சுவடியே. இங்கு ஒரு பாடபேதம் ஒரு பெண்ணின் வாழ்வையும் ஒரு பிறப்பையும் தீர்மானித்துவிடும் என்பதுதான் வேறுபாடு.

கழியொலி கொண்டு மூளையைப் பார்க்க எடுக்கப்பட்ட முதன் முயற்சியே ஒரு பிழை வாசிப்பாய் முடிந்தமை மனங்கொள்ளத்தக்கது. ஒஸ்ரிய நரம்பியல் மருத்துவரான கார்ல் டுஸ்ஸிக், பௌதிகவியலாளரான தம் சகோதரரின் துணையுடன், தலையின் ஒரு பக்கத்திலிருந்து கழியொலியைச் செலுத்தி மறுபக்கத்தில் அதனைப் பதிவுசெய்து, மூளையின் உள்ளே திரவம் நிறைந்துள்ள மூளையறைகளைப் படம்பிடித்துவிட்டதாக 1942 இல் அறிவித்தார். ஒளியும் நிழலுமாய் அமைந்த அப்படங்களில் மூளையறைகளின் சாயல் இருக்கத்தான் செய்தது. 1950களின் முற்பகுதியில் ஜேர்மனியிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், அச்சாயலின் பெரும்பகுதி மண்டையோட்டு எலும்பு ஒலியைத் தடுத்தமையால் உண்டானது என்பதைக் காட்டின. பத்தாண்டுக் காலம் மூளையென்று வாசிக்கப்பட்டது எலும்பு. மூளையைப் பார்க்கப் புகுந்தவன் எலும்பைக் கண்டு மீள்வது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழும்.

கருவி எங்கிருந்து வந்தது என்பதை அடுத்து நோக்கவேண்டும். நியூட்டனின் நூலுக்குச் சமூக, பொருளாதார வேர்கள் உண்டு என 1931 இல் லண்டன் மாநாட்டில் போறிஸ் ஹெசன் வாதித்ததும், 1939 இல் ஜே. டி. பேர்ணல் விஞ்ஞானத்தின் சமூகப் பணி பற்றி நூல் எழுதியதும் முற்போக்கு வாசகர் அறிந்தவையே. கழியொலியின் கதை அவ்வாதத்துக்கு வலிந்து தேடாத சான்று. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகளைக் கண்டறிவதற்காக, குவாட்ஸ் பளிங்கைக் கொண்டு கழியொலியைப் பிறப்பித்து அதன் எதிரொலியை வாங்கும் முறையைப் பாரிசில் வகுத்தவர் போல் லாஞ்சவென். (பின்னாளில் நாஜிகளாற் சிறைவைக்கப்பட்டு, மருமகனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து, 1944 இற் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ற் கட்சியில் இணைந்த அதே லாஞ்சவென்தான்.) லெனின்கிராட்டில் சோக்கலொவ் 1928 இல், உலோகத்தின் உள்ளே மறைந்திருக்கும் வெடிப்புகளைக் கழியொலியாற் காணலாம் என முன்மொழிந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கவசத் தகடுகளையும் கொதிகலன்களையும் உருக்கி ஒட்டிய இணைப்புகளையும் சோதிக்க வேண்டிய அவசரம், உலோகக் குறைகாண் கருவியை ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் தொழிற்சாலைப் பண்டமாக்கியது.

கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகரம். அங்கே 1954 இல் மகப்பேற்றியற் பேராசிரியராக வந்த இயன் டொனால்ட், போரின்போது விமானப் படையிற் பணிபுரிந்து றேடர், சோனர் ஆகியவற்றின் பயனை அறிந்தவர். அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணொருவரின் கணவர், றென்ஃப்றூவிலிருந்த பாப்கொக் அன்ட் வில்கொக்ஸ் கொதிகலன் கம்பனியின் இயக்குநர்களுள் ஒருவர். அத்தொடர்பினாலே 1955 யூலையில், சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்ட கட்டிகளை இரண்டு மோட்டார் வண்டிகளின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு டொனால்ட் அத்தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பிடுவதற்கு ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு வைக்கப்பட்டது. திரவம் நிறைந்த கட்டியும் திண்மக் கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன. கொதிகலனின் இணைப்பிலுள்ள ஓட்டையைத் தேடிய கருவி மனித உடலின் உட்புறத்தையும் வேறுபடுத்தும் என்பது அன்று தெளிவாயிற்று.

ஆயினும் டொனால்டின் பெயரோடு மாத்திரம் இவ்வரலாற்றைப் பிணைப்பது முறையாகாது. கெல்வின் அன்ட் ஹியூஸ் என்ற கருவி செய்யும் கம்பனியில் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பொறியியலாளர் ரொம் பிறவுண், யாரோ ஒரு பேராசிரியர் உலோகக் குறைகாண் கருவியை மனிதர்மீது பயன்படுத்துகின்றார் என்று செவிவழிச் செய்தியாக அறிந்து, தாமாகவே தொலைபேசியில் தொடர்பு கொண்டார். எதிரொலியின் உயரத்தைக் கோடாகக் காட்டிய கருவியை, வயிற்றின் மேல் நகர்த்தும்போது குறுக்குவெட்டுப் படம் வரையும் கருவியாக மாற்றியவர் அவரே. டொனால்ட், மக்விக்கர், பிறவுண் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1958 யூன் 7 ஆந் திகதி ‘லான்செற்’றில் வெளிவந்தது. பொறியியலாளரின் பெயர் மருத்துவர்களின் பெயரோடு சமமாக அச்சேறியது. புகழ் அவ்வாறு பங்கிடப்படவில்லை. கம்பனியின் உரிமை கைமாறியபின், புதிய உரிமையாளருக்கு இக்கருவி இலாபந் தரும் பண்டமாகத் தோன்றவில்லை. கிளாஸ்கோத் தொழிற்சாலையை மூடும் முடிவின்போது, 1967 இல் அத்தொழில் எடின்பரோக் கம்பனியொன்றுக்கு விற்கப்பட்டது. உலகெங்கும் கருவுற்ற பெண்கள்மீது இன்று பயன்படுத்தப்படும் கருவிக்குச் சந்தை இல்லை என்று அதன் பிறந்தகத்து முதலாளிகள் கருதினர். நிக்கல்சன், ஃபிளெமிங் ஆகிய இருவரும் 2013 இல் வெளியிட்ட விரிவான வரலாற்று நூல் பிறவுணுக்கு உரிய இடத்தை மீட்டளித்துள்ளது.

கருவி பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுவரை கருவறையைப் பார்ப்பதற்கு எக்ஸ் கதிர் ஒன்றே வழியாயிருந்தது. கர்ப்பகாலத்தில் எக்ஸ் கதிர் பட்ட சிசுக்களுக்குப் பின்னாளிற் புற்றுநோய் கூடுதலாக வருகின்றது என்பதை 1956 இலும் 1958 இலும் ஒக்ஸ்போட்டின் அலிஸ் ஸ்ரூவேட் வெளியிட்டார். தாய்மாரிடம் வினாக்கொத்துகளைக் கொடுத்துப் பெற்ற தரவு அது. மருத்துவ உலகம் அதனை ஏற்க நெடுங்காலந் தயங்கினாலும், வேறு வழியொன்றின் தேவை உணரப்பட்டுவிட்டது.

சிசுவின் தலை கழியொலிக்கு முதலில் அகப்பட்டது எலும்பாகவே. மண்டையோடு வலுவான எதிரொலி தருவது. ஆகவே அதன் இரு பக்கங்களுக்கிடையிலான அகலத்தை அளந்து சிசுவின் வளர்ச்சியைக் கணிக்கும் முறையைக் கிளாஸ்கோவில் வில்லொக்ஸ் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதனைத் திருத்தமாக்கியவர் ஸ்ருவேட் கம்பல். டுஸ்ஸிக் எலும்பை மூளையென்று மயங்கினார். இவர்கள் எலும்பை எலும்பென்றே அறிந்து அளந்தனர். 1972 இல் லண்டனிலிருந்து கம்பலும் சகாக்களும் வெளியிட்ட அறிக்கை ஒரு திருப்புமுனை. மண்டையின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத அனென்செபலி என்னும் நிலையை 17 ஆம் வாரத்திற் கண்டறிந்தமையும், அதன் பேரிற் கர்ப்பம் முடிவுறுத்தப்பட்டமையும் அதிற் கூறப்பட்டன. முதன்முதலாக ஒரு கழியொலிப் படம் ஒரு பிறப்பை நிறுத்தியது. படத்திற் காணப்பட்டது மூளையின் குறைபாடன்று, மண்டையோடு இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லாமை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்நிலையைப் பொறுத்தவரை கழியொலி இன்றும் ஏறக்குறையத் தவறுவதேயில்லை. 88 என்ற எண்ணை உயர்த்துவதில் இத்தகைய வெளிப்படையான குறைகளுக்குப் பெரும் பங்குண்டு.

அந்த 1972 அறிக்கை, 1967 ஆம் ஆண்டின் பிரித்தானியக் கருக்கலைப்புச் சட்டம் இல்லாமற் சாத்தியமாகியிராது. சட்டமும் கருவியும் ஒன்றையொன்று உந்தின. இதில் ஒரு முரண் உண்டு: டொனால்ட் அச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர். உயிருள்ள சிசுவின் அசைவைக் காட்டிக் கருக்கலைப்புக்கு எதிராகப் பேசுவதற்கு அவர் தம் கருவியையே பயன்படுத்தினார். அவருடைய கருவியோ கருக்கலைப்புக்கான மருத்துவக் காரணங்களைப் பெருக்கியது. கண்டுபிடித்தவனின் கருத்துநிலை கண்டுபிடிப்பின் சமூகப் பயனைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது. ரொசலின்ட் பெற்செஸ்கி 1987 இல் எழுதிய கட்டுரை, இப்படங்களிற் சிசு வெளியில் தனியே மிதக்கும் ஒரு வீரனைப் போல் அமைய, அதனைச் சுமக்கும் பெண் படத்திலிருந்தே மறைந்துவிடுகின்றாள் என்று சுட்டியது. அன் ஓக்லி 1984 இல் வெளியிட்ட மகப்பேற்றுப் பராமரிப்பின் வரலாறும் இத்தொடர்பில் வாசிக்கத்தக்கது. பெண்ணின் உடலைத் தொட்டும் அவள் சொல்வதைக் கேட்டும் அறிந்தவை படிப்படியாகத் திரைக்கு இடம் கொடுத்தன.

எலும்பைத் தாண்டி மூளையினுள் நுழைவதற்குச் சாம்பல் நிறப் படிகளைக் காட்டும் கருவி தேவைப்பட்டது. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் கொசொஃப், கறெற் முதலியோர் 1970ஐ அண்டிய ஆண்டுகளில் அதனை ஆக்கினர். அசைவை அவ்வப்போதே காட்டும் கருவிகள் 1970களின் பிற்பகுதியிற் பரவின. அதன் பின்னரும் எலும்பு வழிவிடவில்லை. ஒலி நுழையும் பக்கத்து மண்டையோடு எழுப்பும் மிகை எதிரொலிகள் அப்பக்கத்து அரைக்கோளத்தை மங்கச் செய்கின்றன. ஆகையால் வழக்கமான சோதனையில் மருத்துவர் தெளிவாகக் காண்பது பெரும்பாலும் தொலைவிலுள்ள அரைக்கோளத்தையே. இரண்டும் ஒரே தன்மையன என்று கொள்வது ஒரு நம்பிக்கை.

1986 இல் லண்டனிலிருந்து நிக்கொலைடெஸ், கம்பல் முதலியோர் வெளியிட்ட கட்டுரை வாசிப்புக் கலையின் உச்சம் எனலாம். முள்ளந்தண்டு முழுதாக மூடாத ஸ்பைனா பிஃபிடா என்ற குறை, சிறிய முதுகெலும்புகளிடையே எளிதிற் கண்ணுக்குத் தப்பிவிடும். அக்குறையுள்ள சிசுவின் மண்டை எலுமிச்சம்பழ வடிவு கொள்வதையும், மூளி வாழைப்பழம் போல் வளைவதையும் அவர்கள் கண்டனர். முதுகிலுள்ள பிழையைத் தலையில் வாசிக்கும் இம்முறை, சாதாரண வைத்தியசாலைகளிலும் கண்டறிதலை உயர்த்தியது. ஆயினும் எலுமிச்சை அடையாளம் ஏறத்தாழ 24 ஆம் வாரத்தின் பின் மறைந்துவிடுவது. இயல்பான சிசுக்கள் சிலரிடமும் காணப்படுவது.

இனி, பத்து மில்லிமீற்றரின் கதை. சிசுவின் பக்க மூளையறையின் அகலம் இன்று ஒவ்வொரு சோதனையிலும் அளக்கப்படுகின்றது. 10 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் என்றால் ‘மூளையறை விரிவு’ என்ற சொல் அறிக்கையில் ஏறுகின்றது. இவ்வெல்லை 1988 இல் ஐக்கிய அமெரிக்காவில் கார்டொசா, கோல்ட்ஸ்ரீன், ஃபிலி ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்விலிருந்து நிலைபெற்றது. இயல்பான 100 சிசுக்களை அளந்து, சராசரி 7.6 மில்லிமீற்றர், நியம விலகல் 0.6 என அவர்கள் கண்டனர். சராசரிக்கு மேல் நான்கு விலகல்கள் என்ற கணக்கில் எல்லை பத்தாயிற்று. பயனுள்ள எல்லைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 9.8 இற்கும் 10.1 இற்கும் இடையே இயற்கை எந்தக் கோட்டையும் கீறவில்லை. அளவுகோலை எங்கே வைப்பது என்பதிற் கையின் சிறு பிசகு அந்த வேறுபாட்டைத் தோற்றுவித்துவிடும். 10 முதல் 12 வரை அளவுள்ள, வேறு குறைகள் எவையுமில்லாத சிசுக்களுட் பெரும்பான்மையோர் இயல்பாகவே வளர்கின்றனர். அந்த இரு இலக்கங்களை அறிக்கையில் வாசித்த பெண் எஞ்சிய இருபது வாரங்களை எவ்வாறு கழித்தாள் என்பதற்கு எந்த அட்டவணையிலும் நிரல் இல்லை. மூளையறைகளினுள்ளே உள்ள குருதிக்குழாய்ப் பின்னலிற் காணப்படும் சிறு நீர்க்கட்டிகளின் கதையும் இத்தகையதே. 1980களில் அவை முதன்முதலாகக் கவனிக்கப்பட்டன. குரோமோசோம் கோளாற்றோடு தொடர்புபடுத்தப்பட்டு அச்சத்தை விளைத்தன. தனியே காணப்படும்போது பெரும்பாலும் தாமே மறைந்துவிடுவன என்பது பின்னர் தெளிவாயிற்று. கருவி கூர்மையடைந்தபோது உண்மை மாத்திரம் பெருகவில்லை, ஐயமும் பெருகியது.

கருவியல்ல, பார்ப்பவனின் உழைப்பே வேறுபாட்டுக்குக் காரணம் என்பதைக் காட்டும் ஆய்வுகளுள் ஹெல்சிங்கி ஆய்வு முதன்மையானது. 1986-87 இல் 9,310 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1990 இல் வெளிவந்தது. ஒரே நகரம், இரு வைத்தியசாலைகள். பெருங்குறைபாடுகளுள் நகர வைத்தியசாலை கண்டுபிடித்தது நூற்றுக்கு 36. பல்கலைக்கழக வைத்தியசாலை கண்டுபிடித்தது நூற்றுக்கு 77. 1987 முதல் 1991 வரை ஐக்கிய அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ‘றேடியஸ்’ ஆய்விலும் இதுவே நிகழ்ந்தது. 24 ஆம் வாரத்துக்கு முன் உயர்நிலை வைத்தியசாலைகள் நூற்றுக்கு 35 குறைகளைக் கண்டன. ஏனையவை நூற்றுக்கு 13. இவ்விரு ஆய்வுகளும் மூளையை மட்டுமன்றி எல்லா உறுப்புகளையும் பற்றியவை. என்றாலும் அவை சுட்டும் விடயம் ஒன்றே. பயிற்சிக்கும் நேரத்துக்கும் செலவிடப்பட்ட பணமே 35 இற்கும் 13 இற்கும் உள்ள தூரம். எந்தப் பெண் எந்த வைத்தியசாலையின் வாசலை மிதிக்கின்றாள் என்பதை நிர்ணயிப்பது எது என்று முற்போக்கு வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

ஹெல்சிங்கி ஆய்வில் இன்னொன்றும் உண்டு. சோதிக்கப்பட்ட பெண்களின் குழுவில் பிறப்பையொட்டிய இறப்பு ஆயிரத்துக்கு 4.6, மற்றைய குழுவில் 9.0. வியத்தகு வெற்றியென்றே தோன்றும். இறப்பு வீதம் குறைந்தமைக்கு முக்கிய காரணம், குறைபாடுள்ள சிசுக்கள் முன்னரே கண்டறியப்பட்டு அக்கர்ப்பங்கள் முடிவுறுத்தப்பட்டமை என்று ஆய்வாளர்களே கூறினர். இறப்புகளுள் ஒரு பகுதி, எண்ணத் தொடங்கும் கோட்டுக்கு இப்பால் நகர்ந்தது. இதனைக் கண்டனமாக நான் கூறவில்லை. உயிர்வாழ இயலாத சிசுவைச் சுமக்க விரும்பாத பெண்ணுக்கு அவ்வறிவு விடுதலையே. ஆனால் அதனை ‘உயிர் காத்தல்’ என்ற தலைப்பின் கீழ்ப் பதிவது கணக்கியலின் தந்திரம்.

மூளையைப் பொறுத்தவரை ஏனைய உறுப்புகளுக்கு இல்லாத தடையொன்று உளது. இதயத்தின் நான்கு அறைகளும் இருபதாம் வாரத்தில் அமைந்துவிட்டன. மூளையோ அப்போது ஏறக்குறைய வழவழப்பான மேற்பரப்புடையது. மடிப்புகளும் பள்ளங்களும் இறுதி மாதங்களிலேயே தோன்றுவன. மடிப்புகள் உருவாகாமற்போகும் நோயை, மடிப்புகள் தோன்றவேண்டிய காலத்துக்கு முன் எவ்வாறு காண்பது? குருதிக் கசிவாலும் தொற்றுக்களாலும் ஏற்படும் சேதமும் பிந்தியே நிகழக்கூடும். இருபதாம் வாரத்தில் ‘இயல்பு’ என எழுதி, முப்பத்திரண்டாம் வாரத்தில் அது பொய்த்தால், முன்னையதைத் தவறு எனல் நியாயமன்று. ஆனால் வழக்கமான சோதனை ஏன் இருபதாம் வாரத்தை ஒட்டி நிகழ்கின்றது? ஒரு பகுதி உடற்கூற்றுக் காரணம். ஒரு பகுதி சட்டம். பிரித்தானியாவில் 1990 ஆம் ஆண்டின் சட்டம் பொது எல்லையை 24 வாரமாக்கி, பாரதூரமான ஊனத்துக்கு மாத்திரம் எல்லையை நீக்கியது. பல நாடுகளில் அந்நீக்கம் இல்லை. சட்டத்தின் நாட்காட்டி ஒன்று, மூளை வளரும் நாட்காட்டி வேறொன்று.

மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை இங்கு உதாரணமாகக் கொள்ளலாம். வழக்கமான கிடைத்தளக் குறுக்குவெட்டுகளில் அது நேரே தெரிவதில்லை. அதன் இன்மையை, அருகிலுள்ள சிறு திரவக் குழி காணப்படாமை, மூளையறை கண்ணீர்த் துளி வடிவுகொள்ளல் முதலிய மறைமுகத் தடயங்களால் ஊகிக்க வேண்டும். தலை கீழ்நோக்கியிருப்பின் யோனி வழியாகக் கருவியைச் செலுத்தி, உச்சிக்குழியின் இடைவெளியூடாகப் பார்த்தால் அப்பாலம் நேரே தெரியும். எலும்பைத் துளைக்காமல், எலும்பு இன்னும் மூடாத இடத்தைத் தேடிச் செல்லும் வழி அது. 1990களிலிருந்து இதற்கெனத் தனித் தேர்ச்சி வளர்ந்துள்ளது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். பயின்ற கை வேண்டும். அரைமணிக்கொரு பெண்ணாக வரிசை நகரும் அறையில் இரண்டும் கிடைப்பதில்லை.

இப்பின்னணியில் ‘மெரிடியன்’ ஆய்வை மீண்டும் வாசிக்கலாம். 570 சிசுக்கள். கழியொலியின் முடிவு நூற்றுக்கு 68 இலும், கருவிலேயே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தின் முடிவு நூற்றுக்கு 93 இலும் சரியாயின. மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் எம்.ஆர்.ஐ. கூறியது மேற்கொண்ட நடவடிக்கையை மாற்றியது. இது சிறிய விடயமன்று. ஐயுறப்பட்ட சிசு மூளையை இரண்டாம் முறை பார்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று கிடையாது. எனினும் எண்களின் பின்னே சில செய்திகள் உள. எம்.ஆர்.ஐ. படத்தை வாசித்தவர்கள் கழியொலியின் அறிக்கையை அறிந்தே வாசித்தனர். முதல் வாசகனின் குறிப்போடு ஏட்டை வாசிக்கும் இரண்டாம் வாசகனின் அனுகூலம் அவர்களுக்கிருந்தது. ஒப்பிடப்பட்ட கழியொலி, மேற்கூறிய தனித் தேர்ச்சியோடு எல்லாவிடத்தும் செய்யப்பட்டதன்று எனக் கழியொலி வல்லுநர்கள் வாதித்தனர். அவ்வாதத்தில் தொழிற்குழு நலனும் கலந்துள்ளது. அதனாலேயே அது பொய்யாகிவிடாது. இவற்றினும் முக்கியமானது, கழியொலியிற் பிழையேதும் இல்லை எனக் கூறப்பட்ட சிசுக்கள் இவ்வாய்வில் இடம்பெறவேயில்லை என்பது. காணத் தவறியவற்றைப் பற்றி 68 என்ற எண் எதுவும் சொல்வதில்லை.

பெயர் சரியாகச் சொல்லப்பட்டபின்னும் பெற்றோரின் வினா எஞ்சிநிற்கின்றது: இக்குழந்தை எவ்வாறு வாழும்? நரம்புப் பாலம் இல்லாமல், வேறு குறையெதுவுமின்றிப் பிறக்கும் குழந்தைகளுட் பெரும்பான்மையோரின் வளர்ச்சி இயல்பானது. சிலர் கடும் இடர்ப்பாட்டுக்கு உள்ளாகின்றனர். யார் எவர் என்பதைப் படம் சொல்வதில்லை. படத்தின் துல்லியம் உடற்கூற்றின் துல்லியம், வாழ்வினுடையது அன்று. அவ்வாழ்வு எத்தகையது என்பதிற் பாடசாலையும் சிகிச்சை நிலையமும் குடும்பத்தின் வருவாயும் உடற்கூறு அளவுக்கே பங்குகொள்கின்றன.

பார்ப்பதற்கும் தடுப்பதற்கும் இடையே முதலாளித்துவ மருத்துவம் எதனை விரும்பியது என்ற வினாவையும் இங்குத் தவிர்க்கவியலாது. அனென்செபலி, ஸ்பைனா பிஃபிடா ஆகிய நரம்புக் குழாய்க் குறைபாடுகள் பிரித்தானியாவில் ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளிலும், உடலுழைப்புத் தொழிலாளர் குடும்பங்களிலும் கூடுதலாக நிகழ்ந்தமை முன்னரே அறியப்பட்டிருந்தது. கப்பல் கட்டிய கிளாஸ்கோவின் சேரிகளும் அவற்றுள் அடங்கும். லீட்ஸ் நகரில் சிமிதெல்ஸும் சகாக்களும் 1976 முதல் வெளியிட்ட ஆய்வுகள் தாயின் உணவிலுள்ள உயிர்ச்சத்துக் குறைவைச் சுட்டின. 7 நாடுகளின் 33 நிலையங்களில் நடத்தப்பட்டு 1991 இல் வெளிவந்த பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபையின் பரிசோதனை, முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே, ஃபோலிக் அமிலம் அக்குறைபாடு மீண்டும் நிகழ்வதை நூற்றுக்கு 72 தடுத்தது என நிறுவியது. ஐக்கிய அமெரிக்கா 1998 முதல் தானிய மாவில் அதனைக் கட்டாயமாகச் சேர்த்தது. அப்பரிசோதனையை நடத்திய பிரித்தானியாவின் அரசு மாவிற் சேர்க்கும் முடிவை அறிவித்தது 2021 இல். இடையிற் கழிந்த முப்பதாண்டுகளில் அந்நாட்டின் வைத்தியசாலைகள் புதிய கழியொலிக் கருவிகளை எத்தனை முறை மாற்றிக்கொண்டன என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. தடுக்கப்பட்ட குறைபாடு எந்தத் திரையிலும் தோன்றுவதில்லை. அதனை விற்கவும் இயலாது.

இலங்கையில் இவ்வினா வேறொரு வடிவங் கொள்கின்றது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, அதன் 303 ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெக்காரணத்துக்கும் கர்ப்பத்தை முடிவுறுத்த இடந்தருவதில்லை. பாரதூரமான சிசுக் குறைபாட்டையும் விதிவிலக்காகச் சேர்க்க 1995 இலும் 2017 இலும் எடுக்கப்பட்ட முயற்சிகள் சட்டமாகவில்லை. கிளாஸ்கோவின் கொதிகலன் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட கருவி இங்கும் வந்துவிட்டது. 1967 இன் சட்டம் வரவில்லை. விக்ரோறியா காலத்துச் சட்டத்தின் கீழ் இருபதாம் நூற்றாண்டின் கருவி இயங்குகின்றது. பதினேழாம் வாரத்தில் மண்டையின் மேற்பகுதி இல்லையென்று காணும் மருத்துவர் அதனைத் தாயிடம் கூறலாம். வசதியுள்ளவள் கடல் கடந்து செல்வாள். ஏனையவள், பிறந்து சில மணி நேரத்துள் அல்லது சில நாளில் இறக்கப்போகும் சிசுவை, அதனை நன்கறிந்தவளாகவே எஞ்சிய ஐந்து மாதங்களும் சுமப்பாள். துல்லியத்தைக் கணிக்கும் ஆய்வேடுகளில் அவளுடைய படமும் சரியாகக் கண்டறியப்பட்டவை என்ற நிரலிலேயே சேரும்.